மோ பிலா

பிப்ரவரி 5, திங்கள்

மூன்றாம் அத்தியாயம் தொடங்கியாயிற்று. தொடங்கியாயிற்று என்றால், தலைப்பைத் தமிழில் போட்டுவிட்டு எழுந்துபோய்க் காபி கலந்தேன் என்று அர்த்தம். கழுத்து வலி குறையவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் எனக்கும் நடுவில் இப்போதைக்கு நிற்பது இந்தக் கழுத்து ஒன்றுதான்.

புத்தகத்தை எழுதியவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். இடைக்காலத்து யூதர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தங்கள் கூட்டத்தைச் சேராதவர்களைப் பற்றி என்னென்ன எழுதிவைத்தார்கள் என்று தேடித் தேடிக் கோத்திருக்கிறார். நல்ல உழைப்பு. மொழிபெயர்க்கிறவளுக்குத்தான் அலுப்பு. மூன்று தரப்பும் மூன்று வேதத்தைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரே சமாச்சாரத்தைச் சொல்கின்றன. மற்றவனுக்குக் குளிக்கத் தெரியாது, மற்றவன் தின்பது மனுஷன் தின்கிற பண்டமில்லை, மற்றவன் வீட்டுப் பெண்கள் சரியில்லை.

காலையில் பதிப்பாசிரியர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். 'பிறத்தியார்' என்று நான் போட்டிருப்பது கிராமத்து வாடை அடிக்கிறதாம். 'அந்நியர்' என்றே எல்லா இடத்திலும் போடச் சொன்னார். அது மேடைப் பேச்சு மாதிரி இருக்கும் என்றேன். மேடைப் பேச்சுதான் விற்கும் என்றார்.

இன்னொரு சிக்கலையும் அவரிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் எல்லோரும் ஒன்றுதான். தமிழில் 'அவன்' போடுவதா 'அவர்' போடுவதா என்று வரிக்கு வரி நான் முடிவுசெய்தாக வேண்டும். எழுதுகிறவர் தன் கூட்டத்தாரைச் சொல்லும்போது 'அவர்' என்றும், அடுத்தவனைச் சொல்லும்போது 'அவன்' என்றும் போட்டுவிட்டால் யார் அந்நியர் என்று வாசகருக்கு உடனே பிடிபட்டுவிடும். "பிரமாதம்மா, அப்படியே பண்ணிடுங்க" என்றார். பாராட்டு கிடைத்ததில் கழுத்து வலி கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

பின்னால் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டில் குடியிருக்கும் பனமாலி மத்தியானம் கதவைத் தட்டினான். பனியன் கம்பெனியில் வேலை, ஒடிசாக்காரன். காலனியில் எல்லோருக்கும் அவன் இந்திக்காரன். "அக்கா, ஸ்கூல்... ஜூன்... எப்டி?" என்றான். எனக்கு இந்தி தெரியும், இந்தியில் கேள் என்று சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "அப்புறம் பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். பால் பொங்கித்தான் போயிருந்தது.

பிப்ரவரி 8, வியாழன்

இன்று ஒரு வரிகூட நகரவில்லை. வர்ணிகாவுக்குச் சளி, பள்ளிக்கு அனுப்பவில்லை. இவர் கம்பெனியிலிருந்து வரவும் நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 12, திங்கள்

அரபுப் பயணி ஒருவர். வடக்கே பனிநாட்டு மக்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறார். அவன் சாப்பிட்ட கையைக் கழுவுவதில்லை. அவன் மனைவி தெருவில் அடுத்த ஆணோடு நின்று பேசினாலும் அவனுக்கு ரோஷம் வருவதில்லை. அவனுக்கு மருத்துவம் தெரியாது, காலில் கட்டி என்றால் காலையே வெட்டிவிடுகிறான்.

கிறிஸ்தவத் துறவி ஒருவர். அவர் கடல் தாண்டியே போனதில்லை, மடத்தைவிட்டு வெளியேகூட அதிகம் போகாதவர். ஆனாலும் முஸ்லிம்கள் எதைக் கும்பிடுகிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதுகிறார். அத்தனையும் தப்பு. பார்க்காமல் எழுதுகிறவர்களுக்குத்தான் விவரம் அதிகமாகத் தெரிந்திருக்கிறது.

யூத வணிகர் ஒருவர். இவரை எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. யாரையும் திட்டுவதில்லை. ஊர் ஊராகப் போகிறார். ஒவ்வோர் ஊரிலும் தன் மக்கள் எத்தனை வீடு, யார் பெரியவர், யார் படித்தவர் என்று குறித்துக்கொள்கிறார். சந்தையில் மோதிக்கொண்டு போகிற மற்ற ஜனங்கள் அவர் கண்ணில் படுவதே இல்லை. திட்டுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

பதிப்பாசிரியர் திரும்பவும் கூப்பிட்டார். "மூணு பேரையும் சமமா வெச்சிருக்கீங்களா? ஒருத்தர் திட்டினது கூடிப்போச்சுன்னா நமக்குத்தான் வம்பு" என்றார். தராசு வைத்துத்தான் திட்டியிருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள் என்றேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினேன்.

பிப்ரவரி 14, புதன்

தொட்டித் தண்ணீரில் வாடை. லைன் வீடுகளுக்கும் எங்களுக்கும் சேர்த்து அந்த ஒரு தொட்டிதான். காலையிலேயே எதிர்வீட்டுத் தங்கமணி அக்கா வந்துவிட்டார். அவர் வீட்டுக்குத் தனித் தொட்டி இருக்கிறது. ஆனாலும் வந்தார்.

"ஏங் கோகிலா, உங்க பின்னாடி இருக்கறவனுங்க அதுல வாய் கொப்புளிக்கறானுங்களோ என்னமோ. பாக்குப் போடறவனுங்க வேற. சித்த என்னன்னு கேளு" என்றார்.

இவர் பனமாலியைக் கூப்பிட்டுத் தொட்டியில் இறங்கிக் கழுவச் சொன்னார். செத்த அணில் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினான். தங்கமணி அக்காவிடம் அணில்தான் என்று சொன்னேன். "அணிலு தானா மூடியத் தொறந்துட்டு உள்ள போச்சா? தொறந்து வெச்சவன் எவன்?" என்றார். எனக்கு வேலை கிடந்தது, பேச்சை வளர்க்கவில்லை.

கிணறுகள் பற்றிய பகுதி முடிந்தது. இருநூறு வருஷம் தள்ளி, ஊரெங்கும் கொள்ளைநோய். யூதர்கள் கிணற்றில் எதையோ போட்டுவிட்டார்கள் என்று பேச்சு. துணிப் பொட்டலம் என்கிறார் ஒருவர், பொடி என்கிறார் இன்னொருவர். அந்தப் பொட்டலத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவனைப் பார்த்தவன் சொன்னதாகவே எல்லா ஊர்க் குறிப்பும் இருக்கிறது. யூதர்களும் அதே கிணற்றில்தான் குடித்தார்கள், அவர்களும்தான் செத்தார்கள் என்று பேராசிரியர் அடிக்குறிப்பில் சொல்கிறார். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்.

பிப்ரவரி 17, சனி

இன்று மனது சரியில்லை.

வர்ணிகா பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "அம்மா, நம்ம லைன் ஊட்டு அண்ணன் வேன் நிக்கற எடத்துல நின்னுட்டு இருந்தாரு. எங்கூடப் பேசினாரு."

"என்ன பேசினான்?"

"போன்ல ஒரு புள்ள போட்டோ காட்டினாரு. பச்சை ஃபிராக் போட்டிருந்துச்சு. காட்டிட்டு, 'மோ புள்ள, மோ புள்ள'ன்னு சொன்னாரு. அப்புறம் என்ற ஸ்கூல் பேக்கத் தொட்டுப் பாத்தாரு."

தமிழே தெரியாதவன். அவனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் எங்கிருந்து வந்தது? புள்ளை என்று எதற்குச் சொல்ல வேண்டும், யாருடைய குழந்தையின் படத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும்? போன வாரம்கூட அவன் அங்கே நின்றானாம். இரண்டு மூன்று தடவை நின்றிருக்கிறானாம். இவள் இப்போதுதான் சொல்கிறாள். இவர் போனை எடுக்கவில்லை.

காலனி அம்மாக்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். தட்டச்சு செய்யக் கழுத்து இடம்கொடுக்கவில்லை, பேசியே அனுப்பினேன். இந்த மாதிரி, எங்கள் லைன் வீட்டில் இருக்கிற வடக்கத்திப் பையன் வேன் நிற்கிற இடத்தில் வந்து நிற்கிறான், போனில் குழந்தைகள் படம் வைத்திருக்கிறான், புள்ளை புள்ளை என்கிறான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவ்வளவுதான். எந்தத் தாயும் செய்கிறதுதான்.

இவர் வந்ததும் சொன்னேன். "அவனாட்டம் சத்தமில்லாத ஆளு அந்த லைன்லயே இல்ல. சும்மா எதையாச்சும் நெனச்சுட்டு இருக்காத" என்றார். இவருக்கு எல்லோரும் நல்லவர்கள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கோழிக் குழம்பு. குழுவில் எல்லோரும் கைகூப்பியிருக்கிறார்கள். 'நல்ல நேரத்தில் சொன்னீங்க' என்று தங்கமணி அக்கா.

பிப்ரவரி 21, புதன்

குழந்தைகள் அத்தியாயம். இதை மொழிபெயர்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கிறிஸ்தவச் சிறுவன் காணாமல் போகிறான். யூதன் பிடித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் பேசுகிறது. துறவி ஒருவர் எழுதுகிறார். அடுத்த வருஷம் வேறோர் ஊரில் அதே கதை, பையன் பெயர் மட்டும் வேறு. அதற்கடுத்து இன்னோர் ஊர். கதை நடந்துபோகவில்லை, குதிரையில் போயிருக்கிறது. கதை போன வழியில் யூதத் தெருக்கள் எரிந்திருக்கின்றன. பல ஊர்களில் காணாமல் போன பையன் என்று ஒருவனே இல்லை என்கிறார் பேராசிரியர்.

முதலில் யார் சொன்னது என்று அவர் தேடிப் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பார்த்ததாக ஓரிடத்தில் வருகிறதாம். பெயர் இல்லை. 'அவள்' என்று போட்டேன்.

போன் ஓயாமல் சத்தம்போடுகிறது. எங்கள் குழுவில் மட்டும் இல்லை, இவருடைய கம்பெனிக் குழுவிலும், பள்ளிக் குழுவிலும். எங்கேயோ ஒரு லாரி நிறையக் குழந்தைகள் என்று ஒரு படம். அந்த லாரி இந்த ஊர் லாரியே இல்லை. நான் எதையும் யாருக்கும் அனுப்பவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து அண்ணி ஒரு குரல்பதிவை அனுப்பியிருந்தார். 'திருப்பூர்ல புள்ள புடிக்கிற கும்பல், எல்லாரும் உசாரா இருங்க' என்று மேலே போட்டிருந்தது. ஒரு பெண் பேசுகிறாள். முன்னும் பின்னும் வெட்டியிருக்கிறார்கள். 'வடக்கத்திப் பையன் வேன் நிற்கிற இடத்தில் நிற்கிறான், போனில் குழந்தைகள் படம் வைத்திருக்கிறான், புள்ளை புள்ளை என்கிறான்.' 'லைன் வீடு' என்பதும் இல்லை, 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதும் இல்லை. அடியில் அழுகிற குழந்தைகளின் சத்தத்தை வேறு யாரோ சேர்த்திருக்கிறார்கள். இப்படியெல்லாம் எவர் உட்கார்ந்து கிளப்பிவிடுகிறார்களோ.

வர்ணிகா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, இது உன்ற வாய்ஸ்தான?"

இல்லை என்றேன். அவள் என்னையே பார்த்தாள். படி என்றேன்.

போனில் இடம் போதவில்லை. அம்மாக்கள் குழுவில் என்னுடைய பழைய பதிவுகளை எல்லாம் அழித்தேன்.

பிப்ரவரி 24, சனி

குழந்தை கடத்தல் வதந்தி பரப்புகிறவர்களைக் கைதுசெய்வோம் என்று போலீஸ் சொல்லியிருப்பதாக இவர் பேப்பரைப் படித்துக் காட்டினார். "புடிச்சு உள்ள போடோணும் இவனுகள" என்றார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் பனமாலி வேலை முடிந்து வருவதை ஜன்னலில் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே ஏதோ காகிதங்கள். என்னைப் பார்த்ததும் நின்று சிரித்தான். ஏதோ கேட்க நினைத்த மாதிரி இருந்தது. அந்த வேன் நிற்கிற இடத்துப் பக்கம் கொஞ்ச நாள் போகாதே என்று அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். இந்தியில் ஒரே ஒரு வாக்கியம். ஏன் என்று அவன் திருப்பிக் கேட்பான். காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது, போய்ப் படுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

அத்தியாயக் கடைசியில் ஒரு நல்லவர் வருகிறார். வழியில் காய்ச்சலில் விழுந்த பயணி ஒருவரை வேற்று மதத்து வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துத் தேற்றி அனுப்புகிறார்கள். பயணி நன்றியோடு எழுதுகிறார், 'இவர்கள் மற்றவர்களைப் போல இல்லை' என்று. எல்லா நூலிலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்கிறார் பேராசிரியர். அந்த ஒரு வீட்டைச் சொல்லிவிட்டு, மிச்சப் பேரை முன்பு போலவே திட்டத் தொடங்கிவிடுகிறார்களாம்.

பிப்ரவரி 26, திங்கள்

தண்ணீர் வரவில்லை. கழுத்துக்கு ஒத்தடம். பனமாலி காலையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டான், பார்க்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

பள்ளி விட்டு வேன் வருகிற நேரம். வர்ணிகாவை அழைத்துவரத் தங்கமணி அக்கா போயிருந்தார். எனக்கு ஒரு பத்திதான் பாக்கி. அதை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் சத்தம் கேட்டது. முதலில் ஒரு ஆள் கத்தினான், அப்புறம் நிறையப் பேர். 'புடி, புடி' என்று கேட்டது. கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினேன். அந்தப் பத்தியை முடித்தேன். நன்றாகவே வந்திருந்தது.

வர்ணிகாவைத் தங்கமணி அக்கா தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஏழு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு. "புடிச்சுட்டாங்க கோகிலா. கையில காயிதம் வெச்சுட்டு டிரைவர்கிட்ட என்னமோ கேட்டுட்டு நின்னானாம். அவன்ட்ட போன் இருந்துச்சு, அதுல புள்ளைங்க போட்டோ. நீ சொன்னது அப்படியே இருந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார்.

வர்ணிகா அழவில்லை. அவள் அழாமல் இருந்ததுதான் எனக்கு என்னவோ செய்தது. "அந்த அண்ணன் என்னப் பாத்து வர்ணி, வர்ணின்னு கூப்பிட்டாரும்மா. நான் அவர எனக்குத் தெரியும்னு சொன்னேன். யாருமே கேக்கல" என்றாள்.

இவர் கம்பெனியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்து உள்ளே புகுந்து, அடியைத் தடுக்க அவன் மேலேயே விழுந்துவிட்டாராம். இவர் முதுகிலும் இரண்டு அடி. இவர் மட்டும் வராவிட்டால் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சட்டை கிழிந்து, வேட்டியில் ரத்தத்தோடு வந்து நின்றார். "என்ற ரத்தம் இல்ல" என்றார். பனமாலியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார்.

வேட்டியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 29, வியாழன்

"நீ வந்து இந்தியில ரெண்டு வார்த்தை பேசினா அவனுக்குத் தெம்பா இருக்கும்" என்று இவர் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனார். போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. இடது கையில் மாவுக்கட்டு. ஒரு காதில் பஞ்சு. அந்தக் காது கேட்காமல் போகலாம் என்று நர்ஸ் சொன்னார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். வேண்டாம் என்று இந்தியில் சொன்னேன். நான் இந்தி பேசியதும் அவன் கண் நிறைந்துவிட்டது. இந்தி அவன் மொழியும் இல்லை, என் மொழியும் இல்லை. இரண்டு பேரும் அதைத் தட்டுத் தடுமாறித்தான் பேசினோம்.

அவன் சொன்னது இது. ஊரில் அவனுக்கு ஏழு வயதில் மகள். மனைவியையும் மகளையும் ஜூன் மாதம் இங்கே கூட்டிவந்து பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. எந்தப் பள்ளி, என்ன காகிதம் வேண்டும் என்று யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. வேன் ஓட்டுகிறவருக்குத் தெரியும் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகளுடைய பிறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

வர்ணிகாவுக்குக் காட்டின படம் யாருடையது என்று கேட்டேன். தெரிந்தும்தான் கேட்டேன்.

"மோ பிலா" என்றான். பிறகு, எனக்குப் புரியவில்லை என்று நினைத்து இந்தியில் விளக்கினான். ஒடியாவில் பிலா என்றால் குழந்தை, மோ என்றால் என்னுடைய.

இவர் பக்கத்தில் நின்று, "என்னங்கறான்?" என்று கேட்டார். "அவன் குழந்தையாம்" என்றேன். நான் மொழிபெயர்ப்பாளர். மூன்று மொழி தெரியும் என்று புத்தக அட்டையில் போடுகிறார்கள். ஒரு ஆள் என் மகளிடம், கிட்டத்தட்ட என் சொல்லிலேயே, இது என் பிள்ளை என்று சொல்லியிருக்கிறான். அது எனக்குக் கேட்கவில்லை. வேறு ஏதோ கேட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

மார்ச் 2, சனி

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். வாக்குமூலம் எடுக்க வேண்டும், இந்தி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். "என்ற சம்சாரத்துக்கு நல்லாத் தெரியுங்க, புஸ்தகமே எழுதறாங்க" என்று இவர்தான் சொல்லியிருக்கிறார்.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். களைத்த முகம். நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். "மேடம், அவன் என்ன சொல்றானோ அதை மட்டும் அப்படியே சொல்லுங்க. நீங்களா சேக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்" என்றார்.

பனமாலியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி பனமாலியே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பெயர், ஊர், வேலை, எத்தனை நாளாக இங்கே. அன்று எதற்காக அங்கே போனார், என்ன நடந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றாகச் சொன்னேன். அடித்தவர்களில் யாரையாவது தெரியுமா என்றார்கள். ஒருவனைத் தெரியும், தினமும் பெட்டிக்கடையில் பார்க்கிறவன் என்றார். அதையும் அப்படியே சொன்னேன். என் குரல் நடுங்கவே இல்லை.

பிறகு சப் இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்து மேஜையில் வைத்தார். "அடிக்கறப்போ இதைப் போட்டுக் காட்டிக்காட்டித்தான் அடிச்சிருக்கானுங்க. இதை யார் பேசினதுன்னு கண்டுபிடிச்சாத்தான் கேஸ் நிக்கும். இந்தக் குரல் இவனுக்குத் தெரியுமான்னு கேளுங்க மேடம்."

அழுகிற குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே என் குரல் அந்த அறையில் பேசியது. நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சப் இன்ஸ்பெக்டர் என்னைக் கவனிக்கவில்லை. இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், அங்கே கேட்டிருக்காது.

கேள்வியை இந்தியில் கேட்டேன்.

பனமாலி என்னை நேராகப் பார்த்து, கோபமே இல்லாமல், மிக மெதுவாகச் சொன்னார். "தெரியும் அக்கா. தண்ணி வந்தா 'பனமாலி, மோட்டர் போடு'ன்னு காலையில என்னைக் கூப்பிடற குரல்தான் இது. அன்னைக்குக் கீழே கிடந்தப்பவே தெரிஞ்சது."

அவ்வளவையும் இந்தியில் சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"யாருன்னு தெரியலைங்கறார்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, அதைப் படித்துக் காட்டி இந்தியில் அவருக்குச் சொல்லச் சொன்னார்கள். சட்டம் அப்படியாம். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். குரல் யாருடையது என்று தெரியாது என்ற வரியும் வந்தது. அதையும் இந்தியில் சொன்னேன். வேறு மாதிரி சொல்லித் தப்பிக்க எனக்குத் தோன்றவில்லை, தைரியமும் இல்லை. அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "இதில் ஒரு தப்பு இருக்கிறது" என்றார்.

"என்னங்கறான் மேடம்?"

நான் பதில் சொல்லாததால் அவரே தமிழில் சொன்னார். அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்ததைவிட நல்ல தமிழாகத்தான் இருந்தது.

"சார், பீகார்னு எழுதியிருக்கு. நான் பீகார் இல்ல சார். ஒடிசா."

தலைப்பிலேயே பீகார் என்று எழுதியிருந்தார்கள். நானும் அப்படியே படித்திருக்கிறேன். சப் இன்ஸ்பெக்டர் அடித்துவிட்டுத் திருத்தினார். "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று அவரிடமே தமிழில் கேட்டார்.

"வேற இல்ல சார்" என்றார். அவருடைய மொழியின் வட்ட வட்டமான எழுத்தில், நல்ல கையால், மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். நாளைக்கு ரயிலாம். ஜூனில் யாரும் வரப்போவதில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அழுதேன். வெட்கத்தில் அழுதேன், மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியிலும் அழுதேன். எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. இவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடு. ஆளு பொழச்சுட்டான். யாரோ எவரோ ஒருத்தனுக்கு இப்படி அழுகறயே, உனக்கு ரொம்ப எளகின மனசு" என்றார்.

நான் மறுக்கவில்லை.